ஒல்லாந்தக் கம்பனிக் கப்பல்களில் பொருளடுக்கும் முறையும் வாழ்வொழுங்கும்

காலித் துறைமுகத்தின் நீரடியில் 1659 ஆம் ஆண்டு முதல் ஒரு கப்பல் கிடக்கின்றது. 'அவொண்ட்ஸ்ரர்' என்பது அதன் பெயர். ஒல்லாந்த மொழியில் மாலை வெள்ளி என்று பொருள்படும். ஆங்கிலேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய அப்பழைய கப்பல், சோழமண்டலக் கரைக்குக் கொண்டு செல்வதற்காகப் பாக்கு ஏற்றிக்கொண்டிருந்த காலத்திலே, நங்கூரம் பிடிவிட்டுத் தரைதட்டி மூழ்கியது. 2001 ஆம் ஆண்டு தொடக்கம் 2004 ஆம் ஆண்டு வரை கடலடித் தொல்லியலாளர் அதனை ஆராய்ந்தபோது கயிறுகள், பீப்பாத் துண்டுகள், சமையற்கூடத்துச் செங்கற்கள் ஆகியன வெளிப்பட்டன. புதையல் தேடுபவனை இவை ஏமாற்றக்கூடும். ஆயினும் ஒரு கப்பலுக்குள் மனிதர் எவ்வாறு வாழ்ந்தனர், எதனை எங்கே வைத்தனர் என்று வினவும் வரலாற்று மாணவனுக்கு இவற்றிலும் சிறந்த செல்வம் வேறில்லை.

ஒல்லாந்தர் ஆட்சியைப் பற்றி நாம் பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் படித்தவை பலவாகும். கோட்டைகள், கறுவா வாணிகம், 1707 ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட தேசவழமை, தோம்புப் பதிவுகள் என்று அப்பட்டியல் நீளும். ஆனால் அக்கோட்டைகளைக் கட்டியவனும் தோம்பை எழுதியவனும் ஏறத்தாழ எட்டு மாதங்கள் கடலிலே கழித்த பின்னரே கீழைத்தேயத்தை வந்தடைந்தான் என்பதை நாம் ஒரு வரியிற் கடந்து விடுகின்றோம். அந்த எட்டு மாதங்களுக்கு வேண்டியவற்றை ஒரு மரக்கலத்திற்குள் அடுக்கியது எங்ஙனம்? அடுக்கியதைக் குலையாது காத்தது எங்ஙனம்? அவ்வொழுங்கு யாருடைய நலன் கருதி அமைந்தது? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

முதலிற் கப்பலின் அளவை நோக்குவோம். 1742 ஆம் ஆண்டின் பின் கம்பனி கட்டிய பெருங்கப்பல்கள் 150 ஆம்ஸ்ரடாம் அடி நீளமானவை. அந்நகரத்து அடி நமது அடியிலும் சிறியது. ஆகவே மீற்றர் அளவிற் கூறின் 42 மீற்றருக்குச் சற்று மேல். நமது விரிவுரை மண்டபங்கள் இரண்டை நீளவாக்கில் ஒட்டவைத்தால் ஏறக்குறைய அவ்வளவு வரலாம். இதற்குள் 300 பேர் வரை ஏறினர். மாலுமிகள் பெரும்பகுதியினர், மூன்றிலொரு பங்கினர் போர்வீரர். அவர்களுக்குரிய நீர், உணவு, விறகு, மருந்து, உதிரிப் பாய்கள், வடங்கள், பீரங்கிகள், வெடிமருந்து ஆகியவற்றோடு, ஆசியாவிற் பண்டம் வாங்குவதற்குரிய வெள்ளியும் அதே கப்பலிலே சென்றது.

ஆம்ஸ்ரடாம் நகரத்துக் கப்பல்கள் தம் துறையிலேயே முழுப் பாரத்தையும் ஏற்றிக்கொள்ள இயலவில்லை. நகரத்துக்கும் ஆழ்கடலுக்கும் இடைப்பட்ட உட்கடல் ஆழங் குறைந்தது. எனவே கப்பலை வெறுமையாக வெளியே கொண்டு சென்று, தெக்சல் தீவின் ஓரத்தில் நங்கூரமிட்டு, சுமைப் படகுகளிற் பொருள்களைக் கொண்டுவந்து ஏற்றினர். காற்றடிக்கும் திறந்த துறையில், ஆடும் கப்பலுக்குள் ஆடும் படகிலிருந்து பொருளேற்றுவதானால், எந்தப் படகு முதலில் வரவேண்டும் என்பதை முன்கூட்டியே நிச்சயித்தல் வேண்டும். பிந்தி வரவேண்டிய பொருள் முந்தி வந்துவிடின், அது அடியிற் சிக்கி, ஐந்து மாதங்களின் பின்னரே கைக்கெட்டும்.

அடுக்கும் முறையை ஆளும் விதிகள் இரண்டு. பாரமானது கீழே, இலேசானது மேலே என்பது ஒன்று. இது கடலின் விதி. பிந்தித் தேவைப்படுவது கீழே, முந்தித் தேவைப்படுவது மேலே என்பது மற்றொன்று. இது வயிற்றின் விதி. இவ்விரண்டும் எப்பொழுதும் ஒத்துப்போவதில்லை என்பதிலேதான் அடுக்குபவனின் திறமை தங்கியிருந்தது. குடிநீர்ப் பீப்பா கனமானது. ஆகவே அடியில் இருத்தல் வேண்டும். ஆனால் நாள்தோறும் தேவைப்படுவதும் அதுவே. நீர் தீரத் தீர அடிப்பாரம் குறைந்து கப்பல் தள்ளாடத் தொடங்கும் என்பதனால், வெறுமையான பீப்பாக்களிற் கடல்நீரை நிரப்பி வைப்பது பாய்க்கப்பல்களிற் பொதுவாகக் கையாளப்பட்ட ஓர் உபாயமாகும்.

எல்லாவற்றிற்கும் கீழே கிடந்தது அடிப்பாரம். கம்பனியார் வெறுங்கல்லை ஏற்றி இடத்தை வீணாக்க விரும்பாதவர். செங்கல், ஈயம் முதலியவற்றை ஏற்றினால் கப்பலும் நிலைபெறும். போய்ச்சேருமிடத்திற் கட்டடமும் எழும். இச்சிக்கனத்தின் உச்சத்தை 'பத்தேவியா' என்னும் கப்பலிற் காணலாம். 1629 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மேற்கு அவுஸ்திரேலியக் கரைக்கப்பாலுள்ள பவளப்பாறைகளில் மோதி உடைந்த அக்கப்பலின் அடியில், செதுக்கிய மணற்கற்கள் 137 கிடந்தன. பத்தேவியாக் கோட்டையின் வாயிலுக்காக ஒல்லாந்திலேயே செதுக்கி அனுப்பிய தோரணம் அது. கோட்டைக்குப் போகாத அந்தத் தோரணம், மூன்றரை நூற்றாண்டுகள் கழிந்து நீரினின்றும் எடுக்கப்பட்டு, மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜெரால்ட்டன் நகரத்து நூதனசாலையில் எழுந்து நின்றது.

அடிப்பாரத்தின் மேல் பீப்பாக்கள் வந்தன: நீர், உப்பிட்ட இறைச்சி, பட்டாணி, வினாகிரி, வெண்ணெய், எண்ணெய். விசுக்கோத்துக்குத் தனியறை ஒன்று உண்டு. ஈரமும் எலியும் புகாதிருக்க அதன் சுவர்களுக்குத் தகரம் அடித்திருந்தனர். வெடிமருந்து மற்றோர் அறையில், வெளிச்சத்துக்கும் நெருப்புக்கும் எட்டாத இடத்தில் இருந்தது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு பொறுப்பாளன் இருந்தான். உணவுக்கு உக்கிராணக்காரன், வெடிமருந்துக்குப் பீரங்கிப் பொறுப்பாளன், வடத்துக்கும் பாய்க்கும் பாய்மரத் தலைவர்கள், மருந்துப் பெட்டிக்கு இரணவைத்தியன், மரத்துக்கும் ஆணிக்கும் தச்சன். கப்பலில் ஒழுங்கு நிலவியமைக்கு மாலுமிகளின் நற்குணத்தைக் காட்டிலும் இப்பங்கீடே காரணம் என்பது என் கருத்து. எந்தப் பொருளும் எல்லாருக்கும் உரியதாய் இருக்கவில்லை. ஆகவே எந்தப் பொருள் தொலைந்தாலும் பதில் சொல்ல ஒருவன் இருந்தான்.

இனி மாலுமியின் பெட்டிக்கு வருவோம். பல்கலைக்கழக விடுதியின் வாசலில் முதல்நாள் ஒரு தகரப் பெட்டியோடு வந்திறங்கி, இதற்குள் எதை வைத்தோம், எதை மறந்தோம் என்று திகைத்து நின்றவர்களுக்கு இப்பகுதி சற்று நெருக்கமானதாய் இருக்கலாம்.

கம்பனிச் சேவைக்கு வந்தோரிற் பலர் ஒல்லாந்தரே அல்லர். ஜேர்மனிய நாடுகளிலிருந்தும் ஸ்கண்டிநேவியாவிலிருந்தும் வேலைதேடி வந்த இளைஞர்கள், கையிற் காசின்றித் துறைமுக நகரங்களிற் கால்வைத்தனர். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் கொடுத்து, ஆட்சேர்ப்பு நாள் வரை வைத்திருந்து, ஒரு பெட்டியையும் அதற்குள் இட வேண்டியவற்றையும் வாங்கிக்கொடுத்து அனுப்பிய விடுதிக்காரர் ஒரு கூட்டத்தினர் இருந்தனர். போர்வை, படுக்கை, கத்தி, கரண்டி, புகையிலை, சுங்கான், சிறிது சாராயம் என்பன பெட்டியின் வழமையான உள்ளடக்கம். இவற்றுக்கு ஈடாக இளைஞன் ஒரு கடன் சீட்டில் ஒப்பமிட்டான். வழக்கமான தொகை 150 கில்டர். போர்வீரன் ஒருவனின் மாதச் சம்பளமோ 9 கில்டர். கணக்கிட்டுப் பார்ப்பின், கப்பலில் ஏறிய கணத்திலேயே அவன் பதினாறு மாதங்களுக்கும் மேற்பட்ட உழைப்பை விற்றுவிட்டான். உழைத்தாற்றான் கடன் அடையும். இடையில் இறந்தால் மீதிக்கடன் பெயராது. ஆதலால் விடுதிக்காரர் அச்சீட்டுகளைக் குறைந்த விலைக்கு வேறொருவருக்கு விற்றுத் தப்பித்துக்கொண்டனர். ஒல்லாந்த மொழியிற் சீட்டு, ஆன்மா ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் ஒலிப்பில் நெருங்கியவை. எனவே அவ்வணிகரை 'ஆன்மா வாங்கிகள்' என மக்கள் அழைத்தனர். சிலேடை என்று சிரிக்கலாம். ஆனால் சொல் பொருந்தவே செய்தது.

கடற்பயணத்துக்குரிய பெட்டிகளின் அமைப்பிலேயே கடலின் அனுபவம் தெரியும். அடி அகன்றும் வாய் ஒடுங்கியும் இருக்கும். கப்பல் சரியும்போது கவிழாதிருக்க இது உதவும். கைப்பிடிக்கு இரும்புக்குப் பதிலாகத் தடித்த கயிறு. மூடியே இருக்கை, மூடியே மேசை. சாதாரண மாலுமிக்குக் கப்பலிற் சொந்தமானது இப்பெட்டியும் தொங்கு படுக்கையும் மாத்திரமே. பீரங்கிகளுக்கிடையே படுக்கையைக் கட்டி, அதன் கீழே பெட்டியை வைத்து, போர் அபாயம் தோன்றின் இரண்டையும் அகற்ற வேண்டும். பெட்டியின் அளவும் எண்ணிக்கையும் பதவிக்குத் தக்கவாறு கம்பனியால் வரையறுக்கப்பட்டிருந்தன. கப்பற்றலைவனும் வணிக அதிகாரியும் பின்புற அறைகளிற் பல பெட்டிகளோடு வாழ, பாய்மரத்துக்கு முன்னே இருந்தவன் ஒன்றோடு நின்றான்.

இவ்வளவு பேரின் இவ்வளவு பெட்டிகளும் ஓரிடத்தில் நெருங்கிக் கிடக்கையில், பூசல் எழாதிருக்க வழியென்ன? காலத்தையும் அடுக்கிவைத்தார்கள் என்றே சொல்ல வேண்டும். அரைமணி மணற்கடிகை ஒன்று கவிழ்க்கப்படுந்தோறும் மணி ஒலித்தது. எட்டுக் கடிகைகள் ஒரு முறைக்காவல். ஒரு பகுதியினர் மேற்றளத்தில் நிற்கையில் மற்றப் பகுதியினர் படுத்திருப்பர். ஆகவே எல்லாருக்கும் ஒரே வேளையிற் படுக்கை இடம் தேவைப்படவில்லை. உண்பதற்கு ஏழெட்டுப் பேர் கொண்ட குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மரத்தட்டம். அதனைச் சுற்றியிருந்து அனைவரும் உண்டனர். காலையிற் தானியக் கஞ்சி, பின்னர் பட்டாணி, சில நாள்களில் உப்பிறைச்சி அல்லது கருவாடு. முதற்சில வாரங்களுக்குப் பியர். அது புளித்த பின்னர் பீப்பாத் தண்ணீர். புகைபிடிக்க இடமும் வேளையும் குறித்திருந்தனர். திறந்த சுடருக்குத் தடை. காலையும் மாலையும் வழிபாடு. தட்டுகளைக் கழுவி வினாகிரி தெளித்தனர். சகமாலுமியைக் கத்தியாற் குத்தியவனின் கையைக் கத்தியாற் பாய்மரத்தோடு அறைந்து நிறுத்தும் தண்டனையும் இவ்வொழுங்கின் பகுதியே என்பதை மறைத்துவிட்டு, ஒழுங்கைப் புகழ்வது நேர்மையாகாது.

இத்தனை நுட்பமான ஏற்பாட்டில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருந்தன. ஒன்று, பீப்பாவில் அடைக்க முடியாத பொருள். பச்சை இலையும் பழமும் பல மாதங்களுக்குக் கெடாது இருக்கமாட்டா. முரசு வீங்கி, பல் ஆட்டங்கண்டு, பழைய காயங்கள் திறந்துகொள்ளும் ஸ்கேவி நோய் அதனால் விளைந்தது. ஆங்கிலக் கடற்படை வைத்தியர் ஜேம்ஸ் லிண்ட் 1747 ஆம் ஆண்டில் எலுமிச்சையும் தோடம்பழமும் கொடுத்துச் சோதித்து, 1753 இல் நூலாக வெளியிட்டார். ஆயினும் நோயின் மூலகாரணம் இருபதாம் நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று. கம்பனி கண்ட பரிகாரம் வேறுவகையானது. கப்பலில் வைக்க முடியாததைக் கரையிலே வைத்தது. 1652 ஆம் ஆண்டில் யான் வான் றீபெக் நன்னம்பிக்கை முனையில் இறங்கி முதலில் செய்த வேலைகளுள் ஒன்று மரக்கறித் தோட்டம் போட்டமையாகும். கேப் டவுன் நகரின் நடுவே அத்தோட்டத்தின் ஒரு பகுதி இன்றும் பூங்காவாக நிற்கின்றது. அக்குடியேற்றத்தினால் அந்நிலத்தின் பழங்குடிகளான கொய்கொய் மக்கள் மேய்ச்சல் நிலங்களை இழந்த கதை தனியே எழுதத்தக்கது. ஒரு கப்பலின் சமையலறைக் குறைபாடு ஒரு நாட்டின் வரலாற்றைத் திருப்பியது என்று மட்டும் இங்கு குறித்து அமைவோம்.

மற்றைய ஓட்டை பெட்டிக்குள்ளேயே இருந்தது. நெருக்கமான விடுதிகளில் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தோரின் உடைகளிற் பேன் இருந்தது. பேனோடு தைபசுக் காய்ச்சலும் கப்பலேறியது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிச்செல்லும் கப்பல்களில் இறப்பு மிகுந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். எத்தனை பீப்பா வெண்ணெய் என்று எண்ணிக்கையிட்டு ஏற்றியவர்கள், மாலுமியின் சட்டையைக் கொதிநீரில் அவித்து ஏற்றவில்லை.

திரும்பும் பயணத்தில் அடுக்குமுறையே மாறியது. கறுவா ஏற்றிய கப்பல்கள் காலியிலிருந்து நேரே ஒல்லாந்துக்குப் புறப்பட்டன. 1777 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் துன்பேர்க் இதனை நேரிற் கண்டு எழுதியுள்ளார். உரித்த கறுவாவைக் கட்டுகளாகக் கட்டி, இரட்டைச் சாக்கிலிட்டுத் தைத்து, கப்பலில் அடுக்குகையில் இடைவெளிகளிலே மிளகைக் கொட்டினர். மிளகு ஈரத்தை உறிஞ்சிக் கறுவாவைக் காக்கும் என்பது நம்பிக்கை; கூடவே, ஓர் அங்குல இடமும் வீணாகாது. சீனாவிலிருந்து திரும்பிய கப்பல்களிலோ பீங்கான் அடியிலும் தேயிலை அதன் மேலும் இருந்தன. பீங்கானை நீர் கெடுக்காது. தேயிலையை ஈரக்காற்றே கெடுத்துவிடும். 1752 ஆம் ஆண்டு தென்சீனக் கடலில் மூழ்கிய 'கெல்டர்மால்சன்' கப்பலிலிருந்து 1985 ஆம் ஆண்டில் ஒன்றரை இலட்சம் அளவிலான பீங்கான்கள் எடுக்கப்பட்டன. தேயிலை இறுகிப் படிந்து அவற்றை மூடிக் காத்திருந்ததாம். சரக்கை அடுக்கியவனின் கைத்திறன் கப்பல் போன பின்னரும் பயன்பட்டது.

மிளகின் நடுவே கறுவாவை இவ்வளவு பக்குவமாகத் துயில வைத்த கம்பனி, மாலுமிக்கு ஒதுக்கிய இடத்தை எண்ணுகையில், ஆராய்ச்சி மாணவனும் கணநேரம் நடுநிலை தவறுவான்.

ஒழுங்கு எந்த இடத்தில் முறியும் என்பதை 'ஆம்ஸ்ரடாம்' என்னும் கப்பலின் முடிவு காட்டுகின்றது. புத்தம்புதிதான அக்கப்பல், வில்லெம் கிளம்ப் என்பவரின் தலைமையில், 333 பேரோடு 1749 ஆம் ஆண்டு ஜனவரி 8 ஆந் திகதி தெக்சலிலிருந்து வெளியேறியது. அதற்கு முன் இருமுறை புறப்பட்டு, காற்று எதிர்த்தமையால் திரும்பியிருந்தது. அவ்வாறு காத்துக்கிடந்த வாரங்களிற் சேமிப்புக் குறைந்ததோடு நோயும் பரவியிருத்தல் வேண்டும். ஆங்கிலக் கால்வாயிற் சுக்கான் உடைந்து கடலிற் போயிற்று. சுமார் 50 பேர் ஏற்கெனவே இறந்திருந்தனர். பலர் நோயுற்றுக் கிடந்தனர். கப்பற்றலைவர் பொறுத்திருந்து துறைமுகம் சேர விரும்பினார். மாலுமிகள் கரையேற்றுமாறு கலகஞ் செய்தனர். மதுக்கிடங்கை உடைத்துத் திறந்தனர். உக்கிராணக்காரனின் பூட்டு உடைந்தபோதே அந்தக் கப்பல் கப்பலாக இருப்பது முடிந்துவிட்டது எனலாம். ஜனவரி 26 ஆந் திகதி ஹேஸ்ரிங்ஸ் நகருக்கு அண்மையில் மணலிலே செலுத்தப்பட்டது.

கரைக்கு முதலில் வந்த சரக்கு வெள்ளிப் பெட்டிகள். கொள்ளையரை விரட்டப் படையினர் காவல் நின்றனர். மற்றவற்றை எடுப்பதற்குள் சேற்றுமணல் கப்பலை உள்வாங்கிக்கொண்டது. 1969 ஆம் ஆண்டில் அது மீண்டும் கவனத்துக்கு வந்தது. 1984 முதல் 1986 வரை முறையாக ஆராயப்பட்டது. தெக்சலில் ஏற்றியவாறே மதுப் புட்டிகளும் பண்டங்களும் உள்ளே கிடந்தன. கடல் வெகுவாக வற்றும் நாள்களில் அதன் விலாவெலும்புகள் இன்றும் மணலுக்கு மேலே தெரியும்.

கம்பனி நிலவிய 1602 முதல் 1799 வரையான காலத்தில் ஏறக்குறையப் பத்து இலட்சம் பேர் ஒல்லாந்திலிருந்து கப்பலேறினர். திரும்பி வந்தோர் மூன்றிலொரு பங்கினரே. கீழைத்தேயத்திற் குடியமர்ந்தோரும் அங்கு மாண்டோரும் உளர். வழியிலே மாண்டோர் பலர். ஒவ்வொருவனுக்கும் சம்பளப் பேரேட்டில் எதிரெதிரான இரண்டு பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. இடப்பக்கம் அவன் கொடுக்க வேண்டியது: இருமாத முன்பணம், கடன் சீட்டு. வலப்பக்கம் அவன் உழைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டுக்குரிய இப்பேரேடுகளிற் பெரும்பாலானவை ஹேக் நகரத்து ஆவணக்காப்பகத்தில் உள்ளன. ஏழு இலட்சம் அளவிலான சேவைப் பதிவுகள் அவற்றிலிருந்து பெறப்பட்டுள்ளன.

நடுக்கடலில் ஒருவன் இறந்தால் உடலைப் படுக்கைத் துணியிற் சுற்றிக் கடலில் விடுவர். பின்னர் அவனது பெட்டி பாய்மரத்தடிக்குக் கொண்டுவரப்படும். எழுத்தன் முன்னிலையில் உள்ளேயிருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, குறித்து, ஏலங் கூறுவர். போர்வைக்கு இவ்வளவு, கத்திக்கு இவ்வளவு, மீதிப் புகையிலைக்கு இவ்வளவு. கடலிற் காசு வைத்திருப்பவர் அரிதாதலால் வாங்கியவன் அப்போது பணங் கொடுப்பதில்லை. இறந்தவனின் வலப்பக்கத்தில் அத்தொகை வரவாக ஏறும். வாங்கியவனின் இடப்பக்கத்திற் கடனாக ஏறும். அவன் வெறும் பெட்டியைத் தன் படுக்கையின் கீழே தள்ளிவிட்டு, அடுத்த முறைக்காவலுக்கு மணி ஒலித்ததும் மேற்றளத்துக்கு ஏறிப்போவான்.